மேசையில் செய்து காட்டு: லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் பேச்சுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அறிவியல் பேச்சுகளைப் போட்டுக் காட்டுகிறேன். பெரும்பாலும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கில் நடந்தவை. பேச்சு ஆங்கிலத்தில் ஓடும், நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வேன். பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், பதில்களை ஓர் இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

அது என்ன இடம்? கல்லூரியா?

கல்லூரி இல்லை, பட்டம் எதுவும் தருவதில்லை. புதிதாகக் கண்டுபிடித்ததை மக்கள் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்று 1799-இல் தொடங்கிய அமைப்பு. தொடங்கியவர்களில் ஒருவர் கவுண்ட் ரம்ஃபோர்டு. அமெரிக்காவில் பிறந்து, ஜெர்மனியின் பவேரியாவில் பதவி பார்த்து, பிறகு லண்டனில் அடுப்பையும் புகைபோக்கியையும் திருத்திக்கொண்டிருந்த வினோத மனிதர். மேஃபேர் பகுதியில் ஆல்பமார்ல் தெரு 21-ஆம் எண் கட்டடம் அன்றும் இன்றும் அதுதான். ஆராய்ச்சிக்கூடமும் பேச்சு அரங்கும் ஒரே கூரையின் கீழ். கீழே கண்டுபிடி, மேலே வந்து காட்டு.

ஹம்ப்ரி டேவி என்ற வேதியியலாளர் பேசிய நாட்களில் குதிரை வண்டிகள் தெருவை அடைத்துவிடும். அதனால்தான் லண்டனிலேயே முதலில் ஒருவழிப் பாதை ஆன தெரு இது என்று சொல்வார்கள். வேதியியல் வகுப்புக்கு டிராஃபிக் ஜாம்! பொதுமக்களுக்கு என்று சொல்லிக்கொண்டாலும், அன்றைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வண்டி வைத்திருக்கும் அளவுக்கு வசதி உள்ளவர்கள் என்பதும் இதிலேயே தெரிகிறது.

எல்லாப் பேச்சும் ஒரே மாதிரியா?

இல்லை. முக்கியமானவை இரண்டு. ஒன்று வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவு, பெரியவர்களுக்கானது. இன்னொன்று கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள், பிள்ளைகளுக்கானவை. இரண்டும் 1820-களின் நடுவில் தொடங்கியவை. கிறிஸ்துமஸ் வரிசையின் முதல் வருடம் 1825. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் 1939 முதல் 1942 வரை மட்டும் நின்றுபோனது. இவை தவிர, வருடம் முழுக்கச் சாதாரண மாலைப் பேச்சுகளும் நடக்கும்.

வெள்ளிக்கிழமைப் பேச்சின் பழக்கவழக்கங்களைச் சொன்னால் நம் ஊர் விழாக் குழுவினருக்கு நெஞ்சு வலிக்கும். வரவேற்புரை கிடையாது, தலைமையுரை கிடையாது, பொன்னாடை கிடையாது. பேச்சாளர் யார், என்ன படித்தார் என்று அறிமுகப்படுத்தக்கூட யாரும் இல்லை. கடிகாரம் மணி அடிக்கும், கதவு திறக்கும், ஆள் உள்ளே வந்து நேராக விஷயத்தைத் தொடங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிக்கவும் வேண்டும்.

பேச்சாளரை முன்கூட்டியே ஓர் அறையில் வைத்துப் பூட்டும் வழக்கமும் உண்டு. 1846-இல் பேச வந்த சார்லஸ் வீட்ஸ்டோன் என்ற இயற்பியலாளர் கடைசி நிமிடத்தில் கூச்சப்பட்டு ஓடிவிட்டார், அவருக்குப் பதில் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி பேச நேர்ந்தது, அதனால் வந்த பழக்கம் என்பது கதை. வரலாற்றாசிரியர்கள் இதை அப்படியே நம்புவதில்லை. ஆனால் அந்த ஏப்ரலில் ஃபாரடே அங்கே பேசியது உண்மை. ஒளி என்பது காந்தம் போன்றவற்றைச் சுற்றிப் பரவும் விசைக் கோடுகளின் அதிர்வாக இருக்கலாமோ என்ற யோசனையை அன்றுதான் வெளியில் சொன்னார். பின்னால் மேக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் கணிதத்தோடு சொன்னதற்கு அது ஒரு முன்னோட்டம்.

ஃபாரடேயைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்? அவர் எங்கே படித்தார்?

கல்லூரி எதிலும் இல்லை, அதனால்தான் பேசுகிறேன். கொல்லர் மகன், 1791-இல் பிறந்தவர், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றுக்கொண்ட பையன். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்துப் படித்தே அறிவியல் ஆசை பிடித்துக்கொண்டது. கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் 1812-இல் டேவியின் பேச்சுகளுக்கு நான்கு டிக்கெட் கொடுத்தார். பையன் மேல்மாடத்தில் கடிகாரத்துக்கு மேலே உள்ள இருக்கையில் உட்கார்ந்து நான்கையும் கேட்டான்.

இங்கேதான் அவன் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டான். கேட்டதை வீட்டுக்குப் போய் விரிவாக எழுதினான், கருவிகளைப் படமாக வரைந்தான், சுமார் 300 பக்கம் ஆனதைத் தானே அழகாக பைண்டிங் செய்தான். தெரிந்த தொழில் அதுதானே! அந்தப் புத்தகத்தை டேவிக்கே அனுப்பி, ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டான். உடனே கிடைக்கவில்லை. பிறகு ஆராய்ச்சிக்கூட உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையிழக்க, 1813 மார்ச்சில் இடம் காலியானது. சம்பளம் வாரம் 25 ஷில்லிங், கட்டடத்தின் மேல்தளத்தில் இரண்டு அறை, குளிருக்கு எரிபொருள், இரவுக்கு மெழுகுவத்தி. அந்த மெழுகுவத்தியைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த அதே வருடம் ஃபாரடே தன் நண்பருக்கு நீளநீளமாகக் கடிதம் எழுதினார். விஷயம்: நல்ல பேச்சு எப்படி இருக்க வேண்டும். அரங்கில் காற்றோட்டம், மேசையின் ஒழுங்கு, பேச்சாளர் முதுகு காட்டி நிற்பது, எல்லாவற்றையும் கவனித்து எழுதியிருக்கிறார். யாருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அனுமதிக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. அப்போது அவர் மேடை ஏறாத 21 வயதுப் பையன். கேட்பவர் பக்கத்திலிருந்து எழுதினார். பிற்பாடு தானே பேசும் காலத்தில், வேகம் கூடினால் எச்சரிக்க ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையை முன்னால் வைக்க ஆள் ஏற்பாடு செய்துகொண்டவர். 1827-க்கும் 1860-க்கும் இடையே கிறிஸ்துமஸ் சொற்பொழிவு வரிசைகளை 19 முறை நடத்தினார். 1990-களில் இங்கிலாந்தின் 20 பவுண்டு நோட்டில் இருந்த படமும் அவர் இந்த அரங்கில் பேசும் காட்சிதான்.

புதுத் தொழில்நுட்பம் எதையாவது முதலில் அங்கே காட்டியிருக்கிறார்களா?

பட்டியல் நீளம், எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன். 1839 ஜனவரியில், ஃபாக்ஸ் டால்பட் காகிதத்தில் பிடித்த ஒளிப்படங்களை நூலக அறையில் பரப்பி வைத்து, போய்ப் பாருங்கள் என்று ஃபாரடே அறிவித்தார். பாரிஸில் டாகேர் தன் ஒளிப்பட முறையை அறிவித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 1882-இல் மைபிரிட்ஜ் என்ற ஒளிப்படக்காரர், ஓடும் குதிரையின் படங்களைச் சுழலும் கண்ணாடித் தட்டில் ஏற்றித் திரையில் ஓடவிட்டார். அப்போது சினிமா என்ற சொல்லே இல்லை.

1892 பிப்ரவரியில் நிக்கோலா டெஸ்லா வந்தார். ஒரு நாள் பேசிவிட்டு ஊருக்குக் கிளம்பப் பார்த்தவரை, இன்னொரு முறை பேச வைக்க அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் டூவர் செய்த வேலையை டெஸ்லாவே எழுதியிருக்கிறார். ஒரு நாற்காலியில் அவரை அமுக்கி உட்கார வைத்து, அரை டம்ளர் விஸ்கியை ஊற்றிக் கொடுத்து, “இது ஃபாரடேயின் நாற்காலி, இது அவர் குடித்த விஸ்கி” என்றாராம். டெஸ்லா மறுநாளும் பேசினார்.

1897 இந்தியர்களுக்கு முக்கியமான வருடம். ஜனவரி 29 அன்று வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு தந்தவர் கல்கத்தாவிலிருந்து போன ஜகதீஷ் சந்திர போஸ். இன்று 5ஜி பேச்சில் அடிபடும் மில்லிமீட்டர் நீள ரேடியோ அலைகளை அவர் அப்போதே உண்டாக்கி, வளைத்து, வடிகட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கருவிகளில் ஒன்று தடித்த ரயில்வே கால அட்டவணைப் புத்தகம்! பக்கங்களுக்கிடையே ஈயத்தாளைச் செருகிவிட்டால், ஒரு திசையில் அதிரும் அலையை மட்டும் அது விடும். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 30 அன்று அதே அரங்கில் ஜே. ஜே. தாம்சன் அணுவைவிடச் சிறிய துகள் உண்டு என்று அறிவித்தார். நாம் எலக்ட்ரான் என்று படிப்பது. கேட்டுக்கொண்டிருந்த பெரிய இயற்பியலாளர் ஒருவர், தாம்சன் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தாராம்.

அங்கே ஏதாவது சொதப்பியது உண்டா?

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, எனக்கும்தான்.

1903 ஜூன். மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியை ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் செய்து காட்டுகிறார். மார்க்கோனி சுமார் 480 கிலோமீட்டர் தள்ளி, கார்ன்வாலில் உள்ள போல்டு நிலையத்தில் செய்தி அனுப்பத் தயாராக இருக்கிறார். தன் கருவியைத் தனி அலைவரிசைக்கு டியூன் செய்துவிட்டால் வேறு யாராலும் குறுக்கிட முடியாது என்பது மார்க்கோனி ஏற்கனவே பத்திரிகையில் அடித்திருந்த சவடால்.

ஃபிளெமிங் பேசிக்கொண்டிருக்கும்போதே அரங்கின் விளக்குக் கருவி டக் டக் என்று தட்டத் தொடங்கியது. ஃபிளெமிங்குக்குக் காது மந்தம், அவர் பாட்டுக்குப் பேசினார். உதவியாளருக்கோ தந்திக்கான மோர்ஸ் குறியீடு தெரியும். வந்த சொல் ‘ராட்ஸ்’, அதாவது எலிகள். நம் பேச்சு வழக்கில் சொன்னால் ‘அட போங்கடா’. அதையே திரும்பத் திரும்ப. அப்புறம் ஒரு கிண்டல் பாட்டு: இத்தாலிக்காரப் பையன் ஒருவன் ஊரை நன்றாக ஏமாற்றினான் என்ற பொருளில். மார்க்கோனி இத்தாலிக்காரர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போல்டுவிலிருந்து உண்மையான செய்தி வருவதற்குள் தட்டல் நின்றுபோனதால் கூட்டத்தில் பலருக்கு எதுவும் தெரியாது.

செய்தவர் நெவில் மாஸ்கலைன், மேடை மந்திரவாதி. தந்திக் கம்பி போட்டுப் பிழைக்கும் கம்பெனி ஒன்று மார்க்கோனியை வேவு பார்க்க அவரை ஏற்கனவே அமர்த்தியிருந்தது. அப்பாவின் மேஜிக் அரங்கம் பக்கத்திலேயே, அங்கிருந்து எளிய கருவியால் அனுப்பினார். ஃபிளெமிங் கொதித்துப்போய், இது அறிவியல் ரௌடித்தனம், ஆளைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார். மாஸ்கலைன் அதே பத்திரிகையில், நான்தான், பாதுகாப்பில் ஓட்டை இருக்கிறதென்று காட்டினேன் என்று பதில் எழுதினார். இன்றைக்கு இதையே வேலையாகச் செய்பவர்களுக்கு ஐடி கம்பெனிகள் சம்பளம் கொடுக்கின்றன. அரங்கத்தின் மரியாதையை நினைத்தால் ஃபிளெமிங்கின் கோபம் புரிகிறது. ஆனால் வாயால் சொன்ன உறுதியை அந்த இடத்திலேயே சோதித்துக் காட்டியவர் அன்று மந்திரவாதிதான். அந்த மேடையின் பழக்கத்துக்கு அவரே நெருக்கம்.

இன்னொன்று 1974. எரிக் லெய்த்வெய்ட், நேர்கோட்டு மின்மோட்டாருக்குப் பெயர்பெற்ற பேராசிரியர், சுழலும் கனமான சக்கரத்தை ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கி, நியூட்டன் விதிகள் இதற்குப் போதாது என்கிற மாதிரிப் பேசிவிட்டார். போதும், பம்பரக் கணக்கைச் சரியாகப் போட்டால் எல்லாம் நியூட்டனுக்குள் அடங்கும். ராயல் இன்ஸ்டிடியூஷன் அந்தப் பேச்சை அச்சிடவில்லை.

விளையாட்டு, வீடியோ கேம் பற்றியெல்லாம் பேசுவார்களா?

பேசுவார்கள். 2014 கிறிஸ்துமஸ் சொற்பொழிவில் டேனியெல் ஜார்ஜ் என்ற பெண் பொறியியல் பேராசிரியர், லண்டனில் ஓர் உயரமான கட்டடத்தின் ஜன்னல்களுக்குள் நூற்றுக்கணக்கான விளக்குகளை வைத்து, ஒவ்வொரு ஜன்னலையும் ஒரு பிக்சல் ஆக்கி, கட்டடத்தின் மேல் டெட்ரிஸ் விளையாட வைத்தார். இதைப் போட்ட அன்று எங்கள் மாடியில் பிள்ளைகள் எதிர் அப்பார்ட்மென்ட்டின் ஜன்னல்களை எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

2006-இல் கணிதப் பேராசிரியர் மார்கஸ் டு சாட்டோய் பேசிய வரிசையில், விளையாட்டில் ஜெயிப்பதன் கணக்குக்கே ஒரு பேச்சு. அந்த வகைக் கணக்கு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட, நான் மோனோபோலியை எடுத்துக்கொள்வேன். நம் வீடுகளில் டிரேட், பிசினஸ் என்று விளையாடியதன் தாத்தா. அதில் ஆட்கள் அதிகம் போய் நிற்கும் கட்டம் சிறை. சிறையிலிருந்து ஆரஞ்சு நிற இடங்கள் மூன்றும் 6, 8, 9 கட்டங்கள் தள்ளி. இரண்டு தாயக்கட்டை உருட்டினால் 36 வாய்ப்பில் 6 விழுவது ஐந்து, 8 விழுவது ஐந்து, 9 விழுவது நான்கு. ஆக 36-க்கு 14. சிறையிலிருந்து வெளியே வருபவர் முதல் உருட்டலிலேயே உங்கள் ஆரஞ்சு இடத்தில் வாடகை கட்ட, ஐந்தில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவான வாய்ப்பு. சும்மா சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கட்டையைக் கொடுத்து 100 முறை உருட்டி எழுதச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றி?

2023 வரிசை முழுக்க அதுதான், பேசியவர் ஆக்ஸ்ஃபோர்டின் மைக்கேல் வூல்ட்ரிட்ஜ். சாட்ஜிபிடி வந்து ஒரு வருடம் ஆகியிருந்த நேரம், பயமுறுத்தாமலும் விளம்பரம் செய்யாமலும் பேசினார். அதோடு 2000-இல் ரோபோக்களைப் பற்றி கெவின் வார்விக் பேசியதையும், 2008-இல் கணினி பற்றி கிறிஸ் பிஷப் பேசியதையும் சேர்த்துப் பாருங்கள். எது வரும் என்றார்கள், எது வந்தது என்று ஒப்பிடுவது நல்ல பொழுதுபோக்கு.

நம் நாட்டில் இப்படி ஒன்று ஏன் இல்லை?

இருந்தது, இருக்கிறது. 1876-இல் கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் நன்கொடை திரட்டி ஓர் அறிவியல் சங்கம் தொடங்கினார். அவர் மனத்தில் இருந்த முன்மாதிரிகளில் ராயல் இன்ஸ்டிடியூஷனும் ஒன்று. ஆராய்ச்சியும் பொதுப் பேச்சும் சேர்ந்த இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டார், ஆனால் ஆராய்ச்சி செய்யும் ஆள் வராமலே 1904-இல் இறந்துபோனார்.

திருச்சியில் பிறந்த ஓர் இளைஞர் 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். டிராமில் போகும்போது பவ்பஜார் தெருவில் அந்தச் சங்கத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கி, கதவைத் தட்டினார். காலையும் மாலையும் அங்கே ஆராய்ச்சி, நடுவில் ஆபீஸ். சி. வி. ராமன்தான். 1928 பிப்ரவரி 28 அன்று தெரிந்த ராமன் விளைவு அந்தக் கட்டடத்தில் பிறந்தது. அந்த நாளைத்தான் 1987 முதல் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்றோ அதையொட்டியோ ஆராய்ச்சி நிறுவனங்கள் பல பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது திறக்கிறது என்று பிப்ரவரியிலேயே விசாரித்து வையுங்கள். மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தேநீரோடு நடத்தும் பேச்சுகளும் பேர் பெற்றவை. தமிழில் கேட்க வேண்டும் என்றால், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் கிரகணம் வரும் சமயங்களில் தெருவிலேயே கூட்டம் கூட்டிச் சொல்லித் தருவார்கள். என்னைக் கேட்டால் ஆல்பமார்ல் தெருவைவிட அதுதான் நிஜமான பொது அரங்கம்.

லண்டன் போனால் நேரில் பார்க்கலாமா?

சாதாரண மாலைப் பேச்சுகளுக்கு முன்பதிவு செய்து போகலாம். கிரீன் பார்க் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். சுமார் 400 பேர் உட்காரும், கிணறு போலச் செங்குத்தாக இறங்கும் அரைவட்ட அரங்கம். கிறிஸ்துமஸ் சொற்பொழிவுக்குக் குலுக்கலில்தான் டிக்கெட், உறவினர் அங்கே இருந்தாலும் நம்பிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். டிசம்பரில் படம்பிடித்து, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் பிபிசியில் ஒளிபரப்புவார்கள். 1966 முதல் வருடம் தவறாமல் தொலைக்காட்சியில் வருகிறது. பழைய பேச்சுகள் பலவற்றை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

என் பிள்ளைக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. புரியுமா?

பாதி கண்ணாலேயே புரியும். கீழே எழுத்து ஓடவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, “இப்போ என்ன ஆகும்?” என்று கேளுங்கள். பதிலைப் பிள்ளை சொன்ன பிறகு மறுபடி ஓட்டுங்கள். ஒரே நாளில் ஒரு மணி நேரப் பேச்சை முடிக்க வேண்டாம், நாங்கள் மூன்று வாரம் எடுத்துக்கொள்வோம்.

வீட்டிலேயே செய்ய ஒன்று சொல்லுங்களேன்.

ஃபாரடேயின் மெழுகுவத்திதான். 1860 கிறிஸ்துமஸில் அவர் நடத்திய கடைசி வரிசை முழுவதும் ஒரே ஒரு மெழுகுவத்தியைப் பற்றியது, ஆறு பேச்சு. மெழுகு ஏன் உருகிக் குழியாகிறது, திரி வழியே எப்படி ஏறுகிறது, எரிவது மெழுகா ஆவியா, எரிந்தபின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கடைசியில் நம் மூச்சுக்கும் இந்தச் சுடருக்கும் என்ன உறவு என்று போகும்.

அதிலிருந்து ஒரு சோதனை. கரண்ட் போகும் நாளில் ஏற்றிய மெழுகுவத்தி நன்றாக எரிந்து, மேலே குழி முழுக்க மெழுகு உருகி நிற்கட்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்திக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு, மெழுகுவத்தியை மெதுவாக ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகைக் கோடு எழும். புகை என்று நாம் சொல்வது உண்மையில் எரியாத மெழுகின் ஆவி. திரிக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, அந்தக் கோட்டில் குச்சியின் தீயைக் காட்டுங்கள். தீ கோட்டின் வழியே சரேலென்று கீழிறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும், குச்சி திரியைத் தொடவே தொடாது.

முதல் தடவை எங்கள் மாடியில் இது வேலை செய்யவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். காற்று அடித்தால் கோடு கலைந்துவிடும். உள்ளே எடுத்துப்போய், ஃபேனை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.